பர்ஸைத் திறக்கவே வேண்டாம் என்றார் ஏஜெண்ட்

நண்பர்களோடு சொகுசுக் கப்பலில் போக யோசிப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் ஆறு பேர், மூன்று கேபின், நான்கு இரவுகள். "எல்லாம் அடக்கம் சார், உள்ளே போனதும் பர்ஸைத் திறக்கவே வேண்டாம்" என்றார் ஏஜெண்ட். அவர் சொன்னது ஒரு வகையில் உண்மைதான். நான்கு நாளும் நாங்கள் பர்ஸைத் திறக்கவில்லை. கழுத்தில் தொங்கிய கேபின் கார்டைத்தான் நீட்டிக்கொண்டே இருந்தோம். கடைசி இரவு கதவுக்கு அடியில் வந்து விழுந்த பில்களைக் கூட்டினால், டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதியைத் தாண்டியிருந்தது.

முதலில் பெரிய அடி. குடிப்பதற்கான பேக்கேஜ், அதாவது மொத்தமாக ஒரு தொகை கட்டிவிட்டால் கிளாஸ் கிளாஸாகப் பணம் கொடுக்காமல் மதுவும் மற்ற பானங்களும் குடிக்கலாம். எங்களில் நான்கு பேர் குடிப்பார்கள், இரண்டு பேர் தொட மாட்டார்கள். "வேண்டியவர்கள் மட்டும் கப்பலில் ஏறி வாங்கிக்கொள்ளலாம்" என்று ஏஜெண்ட் போனில் சொல்லியிருந்தார். கப்பல் கிளம்பிய பிறகு பார் கவுண்டருக்குப் போனோம். அங்கே இருந்தவர் கேபின் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கேபினில் ஒருவர் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் மற்ற பெரியவரும் வாங்கியே ஆக வேண்டும் என்றார். அதுவும் ஒரு நாளுக்கு மட்டும் கிடையாது, பயணம் முழுக்க. ஒரே கார்டில் இரண்டு பேர் குடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதியாம். பல கப்பல்களில் இது இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

இதில் வயிறெரிவது எங்கே என்றால், குடிக்காத இரண்டு பேரும் ஆளுக்கொரு கேபினில், குடிக்கும் நண்பனோடு தங்கியிருந்தார்கள். பதிவு செய்யும்போதே தெரிந்திருந்தால் குடிக்காத இருவரையும் ஒரே கேபினில் போட்டிருப்போம், நான்கு பேக்கேஜோடு முடிந்திருக்கும். குறட்டை விடுகிறவர் யார், விடாதவர் யார் என்று பார்த்து அறை பிரித்தோமே தவிர, யார் கிளாஸில் என்ன இருக்கும் என்று பார்க்கவில்லை. ஆறு பேக்கேஜ் வாங்கினோம். இரண்டு பேர் நான்கு நாளும் காபியும் ஜூஸுமாகக் குடித்து அந்தப் பணத்தை ஈடுகட்டப் பார்த்தார்கள். பாவம், எவ்வளவுதான் குடிக்க முடியும்? சில கப்பல்களில் குடிக்காதவர் நேரில் போய்க் கேட்டால், அவருக்கு மட்டும் மது இல்லாத, விலை குறைந்த பேக்கேஜைப் போட்டுக் கொடுப்பதுண்டு. எங்களுக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை, அவர்களாகச் சொல்லவும் இல்லை.

பேக்கேஜ் வாங்கியும் பில் வந்தது. ஒரு கிளாஸுக்கு இவ்வளவு வரைதான் என்று அதில் ஒரு உச்சவரம்பு இருக்கிறது. விலை அதைத் தாண்டினால் மிச்சத்தை நாம் கட்ட வேண்டும். நீச்சல் குளத்துப் பாரில் எதுவும் தாண்டவில்லை. இரவு டிஜே ஓடும் மேல்தள கிளப்பில் மெனுவில் பாதி தாண்டியது. அந்த இருட்டிலும் சத்தத்திலும் விலையை யார் படிக்கிறார்கள்? கப்பல் கிளம்பும்போது டெக்கில் பாட்டு போட்டு, தட்டில் கலர் கலராக ஏந்தி வந்தார்களே, அது வரவேற்பு பானம் என்று நினைத்து எடுத்தோம். அப்போது இன்னும் பேக்கேஜ் வாங்கவில்லை, முழு விலை. கிளாஸ் பளபளவென்று இருந்தது, நினைவுப் பொருளாம், அதற்குத் தனி விலை.

அப்புறம் டிப்ஸ். இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கப்பலில் பாரில் வாங்கும் ஒவ்வொன்றின் மீதும் 18% சேவைக் கட்டணம் தானாகவே ஏறும். ரசீதில் அது சின்ன எழுத்தில் மேலே இருக்கும். அதற்குக் கீழே ஒரு காலி இடம், 'கூடுதல் டிப்ஸ்' என்று. பேனாவோடு நீட்டினால் எழுதாமல் இருக்க நமக்குக் கூச்சம். முதல் இரண்டு இரவும் நாங்கள் தாராளமாக எழுதினோம், ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று தெரியாமல். இது போக, கேபின் ஊழியர்களுக்கும் சாப்பாட்டு அறை ஊழியர்களுக்கும் என்று தலைக்கு இவ்வளவு என நாள்தோறும் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. உழைக்கிறவர்களுக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ராத்திரி ஒரு மணிக்கும் சிரித்துக்கொண்டே நின்றவர்கள் அவர்கள். 'அடக்கம்' என்று சொன்னவர் இதை ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

சாப்பாட்டுக் கதை வேறு. பெரிய சாப்பாட்டு அறையும் பஃபேயும் டிக்கெட்டிலேயே சேர்த்திதான், அதில் பொய் இல்லை. ருசியும் பரவாயில்லை. ஆனால் சாப்பாட்டு அறையில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று நேரம் பிரித்திருந்தார்கள். ஆறு பேரும் ஒரே மேசையில், இரண்டாம் பந்தியில் உட்காரலாம் என்று ஏஜெண்ட் உறுதி சொல்லியிருந்தார். அவர் செய்ததோ மூன்று தனித்தனிப் பதிவு. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கவே இல்லை. கப்பலின் கணக்கில் நாங்கள் ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று ஜோடிகள். இரண்டு பேருக்கு மாலை ஆறு மணிப் பந்தி, நான்கு பேருக்கு எட்டரை, அதிலும் வேறு வேறு மேசை.

முதல் நாள் மதியம் பஃபேயில் நாங்கள் இதைப் பேசி நொந்துகொண்டிருந்தபோதே ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தார். தனி உணவகம், ஆறு பேருக்கும் ஒரே மேசை, இன்றைக்கும் மூன்றாம் நாளுக்கும் சேர்த்துப் பதிந்தால் தள்ளுபடி. சரி என்றோம். அன்று இரவு நன்றாகத்தான் சாப்பிட்டோம். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், அதன் மீது அதே 18%. இரண்டாம் நாள் காலையில் சாப்பாட்டு அறை மேலாளரைப் பார்த்துச் சொன்னதும் ஐந்து நிமிடத்தில் ஒரே மேசை போட்டுக் கொடுத்துவிட்டார். காசே இல்லை! முதல் நாளே அவரைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் மதியம் அந்தத் தனி உணவகப் பதிவை ரத்து செய்யப் போனால், 24 மணி நேரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டுமாம். போகாவிட்டாலும் ஆறு பேருக்கும் கட்டணம் உண்டு என்றார்கள். அன்றைய மேடை நிகழ்ச்சியும் அதே நேரம். நிகழ்ச்சிக்குத்தான் போனோம்.

காசினோவில் ஒருவன் விட்டதை இங்கே சேர்க்கவில்லை. அது யாரும் ஏமாற்றியதில்லை, அவனாக ஏமாந்தது.

கடைசி இரவு பில் கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. என் கணக்கில் முந்தைய இரவு 1:40க்கு இரண்டு கிளாஸ். அந்த நேரம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் வரவேற்பு மேசைக்குப் போனால் வரிசை மாடிப்படி வரை நிற்கிறது, எல்லோர் கையிலும் அதே தாள். முக்கால் மணி நேரம் நின்றேன். கையெழுத்துப் போட்ட ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்டேன். தேடி எடுத்தார்கள். கையெழுத்து என்னுடையது அல்ல, கேபின் எண்ணை மாற்றி அடித்திருந்தார்கள். உடனே நீக்கினார்கள். தனி உணவகக் கட்டணத்தில் பாதியைத் தள்ளினார்கள். குடிக்காதவர்களின் பேக்கேஜுக்கு ஒரு பைசாவும் இல்லை. கேபின் டிவியில் அன்றன்றைய கணக்கைப் பார்க்கும் வசதி இருந்தது என்பதை அந்த வரிசையில் முன்னால் நின்ற ஒரு பாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் தினமும் படுக்கும் முன் பார்ப்பாராம்.

இன்னொன்று, ஏறும்போது கப்பல் செலவுக் கணக்கோடு இணைக்க ஒரு கார்டு கேட்பார்கள், அதற்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். எங்களில் இரண்டு பேர் கொடுத்தார்கள். செலவு ஏற ஏற அந்தத் தொகையைக் கப்பல்காரர்கள் வங்கியில் முடக்கி வைத்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில் பில்லை மொத்தமாக எடுத்த பிறகும் முடக்கியது விடுபட ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கரையில் இறங்கி டாக்சிக்கு அவர்கள் எங்களிடம் கடன் வாங்கினார்கள்.

ஊர் வந்ததும் ஏஜெண்டைக் கூப்பிட்டேன். "அடக்கம்னு நான் சொன்னது சாப்பாட்டைத்தான் சார்" என்றார். எழுத்தில் எங்களிடம் எதுவும் இல்லை, எல்லாம் போன் பேச்சு. பதிவுகளை இணைக்காதது அவர் தவறு என்று மட்டும் ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருகிறாராம்.

பணமாகத் தாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது.