பழைய வேனின் ஸ்டீயரிங் ஆட்டம்: தரையில் பார்ப்பதா, ஜாக்கியில் பார்ப்பதா, மெஷினில் பார்ப்பதா?

பழைய வேன் நேர்ச்சாலையிலேயே இடமும் வலமுமாக அலைகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சற்றுத் தாமதித்துத்தான் சக்கரம் கேட்கிறது. இந்த நிலையில் பலரும் முதலில் ஓடுவது வீல் அலைன்மென்ட்டுக்கு. என்னைக் கேட்டால், அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

அலைன்மென்ட் மெஷின் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது), கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருப்பது), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருப்பது) ஆகிய கோணங்களை நுட்பமாக அளந்து கொடுக்கும். ஆனால் மூட்டுகள் தேய்ந்த வண்டியில், நிற்கும்போது எடுத்த அளவு ஓடும்போது நிலைக்காது. டயர் ஓரமாகத் தேய்ந்தாலோ, டயரின் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரம்போலச் சொரசொரப்பாகவும் இருந்தாலோ கோணத்தைச் சந்தேகிக்கலாம். அப்போதும், கோணம் ஏன் மாறியது என்பதை மெஷின் சொல்வதில்லை.

தரையில் பார்க்கும் முறைக்குச் செலவே இல்லை; துணைக்கு ஒருவர் போதும். கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சினை ஓடவிட வேண்டும். அவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிதளவு மட்டும் மாறி மாறி அசைக்கட்டும். நீங்கள் ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல், டை ராடு எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) ஒவ்வொன்றிலும் மூட்டின் இரு பாகங்களையும் தொடுமாறு விரலை வையுங்கள். ஒரு பாகம் நகர்ந்து மற்றது பின்தங்கினால் விரலே சொல்லிவிடும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே பார்ப்பதுதான் இதன் பலம்.

ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரத்தைத் திருப்பும் அசைவாக மாற்றும் கியர் பெட்டி) உள்ள வேனில் உள்ளே போகும் தண்டையும் வெளியே வரும் நெம்புகோலான பிட்மேன் ஆர்மையும் சேர்த்துப் பாருங்கள். தண்டு திரும்பியும் ஆர்ம் அசையாவிட்டால் பாக்ஸில் தேய்மானம். பாக்ஸே சேஸிஸில் நெளிந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது சேஸிஸ் அங்கே வெடித்திருக்கிறது. பாக்ஸின் அட்ஜஸ்ட்மென்ட் திருகை இறுக்கி ஆட்டத்தை மறைக்கும் பழக்கத்தை நான் அறவே வெறுக்கிறேன். அதிகம் இறுக்கினால் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. அது உயிருக்கே ஆபத்து.

பால் ஜாயிண்ட்டுக்கும் (சக்கரப் பகுதியை ஆர்முடன் இணைக்கும் பந்து மூட்டு) வீல் பேரிங்குக்கும் ஜாக்கி வேண்டும். ஆனால் அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்பிரிங் கீழ் ஆர்மின்மேல் (சக்கரப் பகுதியைச் சேஸிஸுடன் இணைக்கும் கீழ்க் கை) உட்காரும் அமைப்பில் அந்த ஆர்மின் அடியில், பால் ஜாயிண்ட்டுக்கு அருகில் தூக்க வேண்டும். சேஸிஸைத் தூக்கினால் ஸ்பிரிங் அழுத்தம் மூட்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்றால் நேர்மாறு: சக்கரம் தொங்கும்படி வண்டியின் உடலைத் தூக்க வேண்டும். எப்படித் தூக்கினாலும் ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகாதீர்கள்.

பிறகு டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் துணைக்கு இருப்பவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின் (சில வண்டிகளில் பால் ஜாயிண்ட்டுக்குப் பதிலாக, சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் தண்டு). இடவலமாக ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் ஸ்டீயரிங் இணைப்புகளைப் பாருங்கள்.

வண்டி ஒரே பக்கம் இழுத்தால், காற்றைச் சரிபார்த்த பிறகு முன் டயர்களை இடம் மாற்றிப் போடுங்கள்; சுழல்திசை குறித்த டயராக இருந்தால் வேண்டாம். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. பம்பரை அழுத்தி ஷாக் அப்சார்பரைச் சோதிப்பது விறைப்பான ஸ்பிரிங் உள்ள வேனில் அவ்வளவாகப் பயன்படாது. எண்ணெய்க் கசிவையும், டயரில் திட்டுத்திட்டான தேய்மானத்தையும் தேடுவதே மேல்.

டை ராடு எண்ட் மாற்றினால் டோ மாறும். மெஷினுக்கு உரிய நேரம் அதுதான். ஆனால் அதற்குமுன் பின்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். லீஃப் ஸ்பிரிங்கின் (இரும்புப் பட்டை ஸ்பிரிங்) நடு போல்ட் அறுந்தால் ஆக்சில் நகர்ந்து, வண்டி கோணலாக ஓடும். சேஸிஸின் இருபுறமும் ஒரே மாதிரியான இடத்திலிருந்து பின் ஆக்சில்வரை டேப்பால் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.