உப்பு மாவா, சோடா மாவா, காகிதக் கூழா? வீட்டுப் பொருளில் செய்யும் புடைப்பு அலங்காரங்கள்: ஓர் ஒப்பீடு

பலவகைப் பொருள்களைச் சேர்த்து அலங்கரிக்கும் மிக்ஸ்டு மீடியா பக்கம் ஒன்றில் வண்ணமும் எழுத்தும் படத்துண்டுகளும் சேர்ந்த பிறகும் ஏதோ குறைவதுபோல் இருக்கும். விரலால் தடவினால் தட்டுப்படுகிற மேடு ஒன்று வேண்டும்: நரம்போடிய ஓர் இலை, ஒரு சாவி, பழைய பூட்டின் முகப்பு போல ஒரு தகடு. கடையில் வாங்கலாம். ஆனால் பக்கத்துக்கு நாலைந்து என்று போனால் செலவு கையைக் கடிக்கும். சமையலறையிலும் பழைய பேப்பர் அடுக்கிலும் இருப்பதை வைத்தே இவற்றைச் செய்துகொள்ள ஐந்தாறு வழிகள் உண்டு. செய்த அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும். சில மாதம் கழித்துத் திறக்கும்போது எது ஒட்டியிருக்கிறது, எது உதிர்ந்து கிடக்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

உப்பு மாவும் சோடா மாவும்

பலரும் முதலில் செய்வது உப்பு மாவு. மைதா 2 கப், பொடி உப்பு 1 கப், தண்ணீர் ஏறக்குறைய 1 கப். பிசைந்து, தேய்த்து, வெட்டி, காற்றில் இரண்டு மூன்று நாள் காய வைத்தால் வேலை முடிந்தது. குழந்தைகளோடு சேர்ந்து செய்ய இதைவிட எளிதானது இல்லை. அடுப்பு வேண்டாம், கை சுடாது, மாவு பிசகினால் மறுபடி உருட்டிக்கொள்ளலாம்.

சோடா மாவுக்குச் சமையல் சோடா 2 கப், கார்ன்ஃப்ளோர் 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். இதை மிதமான தீயில் கை ஓயாமல் கிளற வேண்டும். முதலில் பால் போலத் தளும்பும். அப்புறம் ஒரு கட்டத்தில் திடீரென்று இறுகி, மசித்த உருளைக்கிழங்கு போலத் திரண்டு வரும். அந்த நொடியிலேயே இறக்கிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டால் தண்ணீர் வற்றி மாவு உதிரியாகிவிடும். சோடாவும் சூட்டில் சிதைந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும், அந்த வாயு மாவுக்குள் குமிழிகளாக நிற்கும். ஈரத்துணியால் மூடி ஆறவிட்டுப் பிசைந்தால் வழவழப்பான வெள்ளை மாவு கிடைக்கும்.

நுணுக்கத்தில் சோடா மாவுக்கே வெற்றி. ஓர் இலையின் அடிப்பக்கத்தை இரண்டிலும் அழுத்திப் பாருங்கள். உப்பு மாவில் நடு நரம்பும் பெரிய கிளைகளும் பதியும். சோடா மாவில் கிளையின் கிளை வரைக்கும் தெரியும். நிறமும் தூய வெள்ளையாக இருப்பதால் மேலே பூசும் பெயிண்ட் மங்காது. உப்பு மாவு காய்ந்ததும் லேசாகப் பழுப்பு தட்டும், மேற்பரப்பிலும் உப்புக் குருணை தெரியும்.

ஆனால் உப்பு மாவின் பெரிய குறை வேறு. உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது இழுத்த நீரிலேயே கரையத் தொடங்கும். நான் ஒருமுறை நாட்குறிப்பு அட்டையில் உப்பு மாவில் செய்த மூன்று இலைகளை ஒட்டியிருந்தேன். முன்பக்கம் வார்னிஷ் பூசினேன், பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். அடைமழை தொடர்ந்த ஒரு வாரத்தில் இலைகள் நொய்ந்துபோயின. அடியில் இருந்த காகிதத்தில் ஈர வளையம் படிந்தது, பக்கத்தில் குத்தியிருந்த இரும்பு ஊசி துருப்பிடித்தது. முன், பின், ஓரம் எல்லாவற்றையும் இடைவெளி இல்லாமல் பூசினால் இன்னும் நன்றாகத் தாங்கும். சரி, அவ்வளவு வார்னிஷ் செலவழிப்பதற்குச் சோடா மாவிலேயே செய்துவிடலாம். நூல் கட்டித் தொங்கவிடும் பொருளுக்கு உப்பு மாவு போதும். காகிதத்தின் மேல் ஒட்டுவதற்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சோடா மாவுக்கும் எல்லை உண்டு. 3 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் தேய்த்தால் காய்ந்ததும் பிஸ்கட் போல ஒடியும். வெயிலில் வேகமாக உலர்த்தினால் வெடிப்பு விடும். நிழலில், அவ்வப்போது திருப்பிப் போட்டு, ஒரு நாளாவது காய வையுங்கள். எடையும் அதிகம். மரப் பலகை, தடித்த அட்டை, படச்சட்டம் ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தம். புரட்டுகிற பக்கத்துக்குப் பொருந்தாது.

காகிதத்துக்குக் காகிதமே உறவு

இதுதான் என் கட்சி. காகிதம் ஈரத்தில் விரியும், உலர்ந்தால் சுருங்கும், புரட்டினால் வளையும். மேலே ஒட்டிய மாவுப் பொருள் கல் போல அசையாமல் நிற்கும். அந்த இழுபறி முழுவதையும் தாங்குவது நடுவில் இருக்கும் பசை. கடைசியில் ஓரம் தூக்கிக்கொள்ளும், அல்லது பொருளோடு சேர்ந்து காகிதத்தின் மேல்தோலும் உரிந்து வரும். காகிதத்திலேயே செய்த அலங்காரம் பக்கத்தோடு சேர்ந்து விரியும், சேர்ந்து சுருங்கும்.

கூழுக்கு இரண்டு மூலப்பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று டிஷ்யூ பேப்பர். தண்ணீரில் பிரிந்துபோவதற்கென்றே செய்யப்பட்டது டாய்லெட் ரோல், அதனால் சில நிமிடங்களில் கரைந்துவிடும். பிழிந்து, வெள்ளைப் பசை கலந்து பிசைந்தால் நயமான கூழ். இன்னொன்று முட்டை அட்டை. அது ஏற்கெனவே கூழிலிருந்து வார்த்த பொருள்தான், ஆகவே கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து அரைத்தால் மறுபடி கூழாகிவிடும். சற்றுக் கரடுமுரடாக வரும். கல், மரப்பட்டை, துருப்பிடித்த இரும்பு போன்ற தோற்றத்துக்கு அந்தக் கரடுதான் வேண்டும்.

செய்தித்தாளிலும் கூழ் வரும், நான் அதைத் தவிர்க்கிறேன். அதில் மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் இருக்கும், ஒளியும் காற்றும் பட்டால் பழுப்பாகும். 1912-இல் பிக்காசோ தன் ஓவியங்களில் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகள் இன்று பழுப்பேறித்தான் இருக்கின்றன. பெயிண்டுக்கு அடியில் மறையும் கூழுக்குப் பரவாயில்லை. ஒளிப்படத்தை ஒட்டி வைக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

கூழின் பலவீனம் சுருக்கம். காயும்போது நன்றாகவே சுருங்கும், அதனால் கூர்மையான விளிம்பும் அளவான வட்டமும் எதிர்பார்க்க முடியாது. சாவி, பற்சக்கரம், எழுத்து போன்ற திருத்தமான வடிவங்களுக்கு அட்டை அடுக்குதான் சரி. பற்பசைப் பெட்டி மாதிரி மெல்லிய அட்டையில் ஒரே வடிவத்தை மூன்று அல்லது நான்கு முறை வெட்டி, வெள்ளைப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு இரவு வைக்க வேண்டும். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மேலே ஜெஸ்ஸோ (பெயிண்டுக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசினால் அடுக்கு அடுக்காகத் தெரிகிற வெட்டு மறைந்து ஒரே கட்டையாகிவிடும். எடை ஏறக்குறைய இல்லை. நேரம்தான் போகும், சிறிய வளைவுகளை நான்கு முறை ஒரே மாதிரி வெட்டக் கையும் வலிக்கும்.

நெளி அட்டைப் பெட்டி கிடைத்தால் அதன் மேல்தாளை லேசாக ஈரப்படுத்தி உரித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் நெளிவு வெளியே வரும். எந்த உழைப்பும் இல்லாமல் கிடைக்கிற டெக்ஸ்ச்சர் அதுதான்.

சூடான பசை

வேகத்தில், பசைக் குச்சியை உருக்கித் தள்ளும் க்ளூ கன்னை எதுவும் மிஞ்சாது. பேக்கிங் தாளின் மேல் கோலம் போடுவதுபோல வரைந்தால் ஓரிரு நிமிடத்தில் இறுகிவிடும், உரித்து எடுத்து ஒட்டலாம். வளைந்தும் கொடுக்கும். ஆனால் வழுக்கலான பரப்பில் அக்ரிலிக் பெயிண்ட் பிடிக்காது, நகத்தால் கீறினாலே உரியும். முதலில் ஜெஸ்ஸோ பூசியாக வேண்டும். வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்தால் இளகும். குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாத கருவியும் கூட. அவசரத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஃபாயிலும் கேன் தகடும்

உலோகத் தோற்றம் வேண்டும் என்றால் போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். குளிர்பானக் கேனின் பக்கச்சுவர் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் பின்பக்கம் வரைந்தால் கோடு முன்பக்கம் புடைத்து நிற்கும், அழுத்தினாலும் அமுங்காது. கடினம் இரண்டு இடத்தில். வெட்டிய விளிம்பு கத்தி போலக் கிழிக்கும். கேனின் உட்புறப் பூச்சின் மேல் பெயிண்டும் பசையும் சரியாகப் பிடிக்காது, உப்புத்தாளால் தேய்த்தாக வேண்டும்.

சமையலறை ஃபாயில் அதில் ஐந்தில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. தனியாக அதில் எதையும் புடைக்க வைக்க முடியாது. அடியில் ஏதாவது மேடு வேண்டும், அங்கேதான் அதன் அருமை தெரியும். அட்டை அடுக்கில் செய்த வடிவம், அதைச் சுற்றி ஒட்டிய சணல் நூல், இரண்டு பொத்தான், வெள்ளைப் பசையால் இட்டுக் காயவைத்த புள்ளிகள் எல்லாவற்றின் மேலும் பசை தடவி, கசக்கி மெதுவாகப் பிரித்த ஃபாயிலைப் போர்த்துங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலாலும், இடுக்குகளில் காது குடையும் பஞ்சுக் குச்சியாலும் அழுத்திக்கொண்டே போங்கள். ஃபாயிலின் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். கடைசி உருட்டலில் இரண்டு தாள்களைச் சேர்த்து உருளைக்குள் விடுவார்கள், உருளையைத் தொட்ட பக்கம் பளபளக்கும், ஒன்றையொன்று தொட்ட பக்கம் மங்கும். பழைய வெள்ளி வேண்டுமா, மங்கலான பக்கத்தை மேலே வையுங்கள்.

பசை காய்ந்த பிறகு கறுப்பு அக்ரிலிக்கை முழுக்கப் பூசி, ஈரம் வற்றுவதற்குள் துணியால் மேட்டுப் பகுதியை மட்டும் துடைத்து எடுக்க வேண்டும். கறுப்பு பள்ளங்களிலும் கசங்கல் கோடுகளிலும் தங்கிவிடும், மேடுகள் வெள்ளி நிறத்தில் மேலே வரும். அட்டையும் நூலும் பொத்தானும் கண்ணுக்கு மறைந்து, நாம் கடையில் விலை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்த அந்தப் பூட்டுத் தகடு கையில் இருக்கும். கறுப்பு நன்றாகக் காய்ந்ததும் மேடுகளில் மட்டும் விரல் நுனியால் கொஞ்சம் செம்பு நிறம் தொட்டு வையுங்கள்.