சிவப்பு எழுத்து மருந்துகள்: தெருக்கடை, ஆஸ்பத்திரி பார்மசி, ஆப்: எது எதற்கு ஆகும்?

பதற்றத்துக்கு அல்பிரசோலம், தூக்கத்துக்கு சோல்பிடெம், ஏடிஎச்டி (கவனம் நிற்காமல் துறுதுறுப்பாக இருக்கும் குறைபாடு) உள்ள பிள்ளைகளுக்கு மெத்தில்பெனிடேட், புற்றுநோய் வலிக்கு மார்பின். நாலும் மூளையில் வேலை செய்கிற மருந்துகள்தான். ஆனால் நாலையும் எந்தக் கவுன்டரிலும் வாங்கலாம் என்று இந்தியச் சட்டம் விடாது. கடைக்காரர் "இல்லைங்க" என்றால் ஸ்டாக் இல்லையா, லைசென்ஸ் இல்லையா, சீட்டு சரியில்லையா என்று புரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் மிச்சம். தமிழ்நாட்டில் இந்த மருந்துகள் கிடைக்கும் கவுன்டர்களை அந்தக் கண்ணோடு இங்கே மதிப்பிடுகிறோம்.

முதலில் மாத்திரை அட்டையின் இடது மேல் மூலையைப் பாருங்கள். வெறும் 'ஆர்எக்ஸ்' என்றால் அது ஷெட்யூல் (பட்டியல்) எச், சாதாரணச் சீட்டு மருந்து. சிவப்பில் 'ஆர்எக்ஸ்', கூடவே சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை வாசகம் என்றால் எச்1. முன்னால் 'என்' சேர்ந்து 'என்ஆர்எக்ஸ்' என்று இருந்தால், அந்த மருந்து 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வருகிறது. 'எக்ஸ்ஆர்எக்ஸ்' என்றால் ஷெட்யூல் எக்ஸ். சில்லறைக் கடையில் கிடைப்பவற்றில் இதற்குத்தான் கெடுபிடி அதிகம்.

ஒரே மாத்திரைமேல் இரண்டு சட்டங்கள் நிற்பதுதான் குழப்பத்தின் வேர். எச், எச்1, எக்ஸ் என்பதெல்லாம் 1945 மருந்து விதிகளின் பகுப்பு. எப்படி விற்க வேண்டும் என்று சொல்வது. 1985 சட்டம், யார் எவ்வளவு வைத்திருந்தால் குற்றம் என்று சொல்வது. அல்பிரசோலம் இரண்டிலும் இருக்கிறது. டிரமடால் என்ற வலி மருந்து 2014இலேயே எச்1க்குள் வந்துவிட்டது. போதைப்பொருள் சட்டப் பட்டியலில் ஏறியது 2018 ஏப்ரலில்தான். பழைய சீட்டை வைத்துக்கொண்டு "முன்னாடி கொடுத்தீங்களே" என்று கடையில் சண்டை போடுவதில் பயனில்லை.

தெருமுனை மெடிக்கல்: எச்1 மருந்துக்கு இதுவே போதும், நன்றாகவே போதும். நல்ல கடைக்கு அடையாளம் ஒன்றுதான்: சீட்டைக் கேட்பார்கள், தனி ரெஜிஸ்டரில் எழுதுவார்கள். மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, கொடுத்த எண்ணிக்கை எல்லாம் அதில் ஏற வேண்டும். மூன்று வருடம் அந்த ரெஜிஸ்டர் கடையில் இருக்க வேண்டும். பெயர் கேட்கிறார்களே என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கேட்காமல் கொடுக்கும் கடையைத்தான் தவிர்க்க வேண்டும். சீட்டில்லாமல் ஒருவருக்கு ஒரு அட்டை சோல்பிடெம் கொடுக்கும் கை, பள்ளிப் பையனுக்கும் கொடுக்கும்.

இந்தக் கவுன்டரில் காரியம் கெடுவது பெரும்பாலும் சீட்டால்தான். '1-0-1, ஒரு மாதம்' என்று மட்டும் எழுதி, மொத்தம் எத்தனை மாத்திரை என்று எழுதாமல் விடுவது முதல் கோளாறு. விதிப்படி மொத்த அளவும் சீட்டில் இருக்க வேண்டும். தேதி, கையெழுத்து, நோயாளியின் முகவரி ஆகியவையும் கட்டாயம். அடுத்தது, ஒரே சீட்டை மறுபடி நீட்டுவது. திரும்பக் கொடுக்கலாம், இத்தனை முறை கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டு ஒரு தடவைக்குத்தான். மூன்றாவது, பிராண்டு பெயர். "அதே மருந்துதாங்க, வேற கம்பெனி" என்று மாற்றிக் கொடுப்பதை விதி ஏற்பதில்லை. மருத்துவர் மருந்தின் பொதுப்பெயரில் (ஜெனரிக்) எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே வராது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஷெட்யூல் எக்ஸ் மருந்துக்கு இதே கடை சுத்தமாக ஆகாது. மெத்தில்பெனிடேட், மயக்க மருந்தான கெட்டமின், பார்பிட்யூரேட் என்ற தூக்க மருந்து வகையில் பல இந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றைச் சில்லறையில் விற்க 20-எஃப் என்ற தனி லைசென்ஸ் வேண்டும். பூட்டிய அலமாரி, பக்க எண் அச்சிட்ட பைண்டு ரெஜிஸ்டர், ஒவ்வொரு விற்பனைக்கும் பிறகு மிச்சக் கணக்கு, ஒரு மாத்திரை குறைந்தாலும் இன்ஸ்பெக்டருக்குப் பதில். மாதத்துக்கு நாலைந்து பேர் மட்டும் கேட்கும் மருந்துக்காகச் சின்னக் கடைக்காரர் இதில் இறங்காததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் சுமை முழுவதும் ஏடிஎச்டி பிள்ளையின் பெற்றோர்மேல் விழுகிறது. திருட்டைத் தடுக்க இவ்வளவு யோசித்த விதி, நோயாளி எங்கே போய் வாங்குவான் என்று யோசிக்கவில்லை. மாவட்டத்தில் 20-எஃப் உள்ள கடைகளின் பட்டியலை அரசே தமிழில் வெளியிட்டால் செலவு எதுவுமில்லை, புண்ணியம் பெரிது.

ஆகவே எக்ஸ் மருந்துக்கு மனநலப் பிரிவு நடத்தும் பெரிய ஆஸ்பத்திரியின் பார்மசியே சரியான இடம். மருத்துவரைப் பார்த்த கையோடு, அதே கட்டடத்தில் வாங்கிவிடுவது நல்லது. சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடை எடுத்து இரண்டு வருடம் பாதுகாக்கும், மற்றது உங்களுக்கு. ஒரே பிரதியோடு போனால் திரும்பிப் போய் இன்னொன்று எழுதி வாங்க வேண்டிவரும், அதற்குள் ஓபி முடிந்துவிடும். இன்னொன்றையும் கவுன்டரிலேயே சரிபாருங்கள்: மெத்தில்பெனிடேட்டில் 10 மி.கி. சாதாரண மாத்திரையும், மெல்ல மெல்லக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும் 18 மி.கி. மாத்திரையும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்று ஸ்டாக் இல்லையென்றால் மற்றதை வாங்காமல் மருத்துவரிடம் திரும்புங்கள்.

ஆப் வழியாக? இந்த வகைக்கு நேரம் வீண். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டி, ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளையும் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ளவற்றையும் வீடியோவிலோ போனிலோ எழுதக் கூடாது என்று தடுப்புப் பட்டியலில் வைத்தது. ஆலோசனைக்குக் காசு கட்டிய பிறகு இது தெரியவந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

மார்பின் கதை வேறு. 1985 சட்டம் வந்தபோது தண்டனை அவ்வளவு கடுமையாகவும் லைசென்ஸ் அவ்வளவு சிக்கலாகவும் இருந்ததில், ஆஸ்பத்திரிகள் மார்பின் வைப்பதையே கைவிட்டன. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலையே மார்பினுக்கு மூலமான அபினைப் பதப்படுத்தும் நாட்டில், நோயாளிகள் வலியில் துடித்தார்கள். 2014 திருத்தம்தான் வழி திறந்தது: மார்பின், பென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், கோடீன் ஆகிய ஆறும் 'அத்தியாவசிய' மருந்துகள் ஆயின. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்த மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் இவற்றை வைத்துக்கொள்ளலாம். வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் அங்கே இருக்க வேண்டும். எனவே மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்க வேண்டாம். வலி நிவாரணப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "வாய்வழி மார்பின் ஸ்டாக் இருக்கா, நோயாளி வர முடியாவிட்டால் வீட்டு ஆளிடம் கொடுப்பீர்களா" என்று இரண்டையும் கேளுங்கள். சாதாரண 10 மி.கி. மாத்திரை நான்கு மணிக்கொரு தடவை கொடுக்கப்படுவது. விடுமுறை நாள் குறுக்கிட்டால் ஸ்டாக் தீரும் முன்பே போயாக வேண்டும். மலச்சிக்கல் மருந்தையும் கூடவே எழுதித் தரும் பிரிவை நம்பலாம். அதைத் தராத இடத்தில் நோயாளி மூன்றாம் நாளே மார்பினை வேண்டாம் என்பார்.

வாங்கியதை வைத்திருப்பதற்கும் அளவுண்டு. சிறிய அளவு, வணிக அளவு என்று சட்டம் பிரிப்பது எடையை வைத்துத்தான். கஞ்சாவுக்குச் சிறிய அளவின் வரம்பு 1 கிலோ, வணிக அளவின் வரம்பு 20 கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கோடீனுக்கு 10 கிராம், 1 கிலோ. இதில் ஆபத்து எங்கே என்றால், சுத்தமான மருந்தின் எடையைப் பார்க்காமல் மொத்தக் கலவையையும் எடை போடுகிறார்கள். 2009 அறிவிக்கை அப்படிச் சொன்னது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 5 மில்லிக்கு 10 மி.கி. கோடீன் உள்ள 100 மில்லி சிரப் பத்து பாட்டிலில் இருக்கும் கோடீன் 2 கிராம்தான். சர்க்கரைப்பாகோடு சேர்த்து நிறுத்தால் 1 கிலோவைத் தாண்டும். சீட்டும் லைசென்ஸும் இல்லாத கையில் அது வணிக அளவாகக் கணக்கிடப்படலாம். அதற்குக் குறைந்தது பத்து ஆண்டு சிறை, ஜாமீனும் எளிதில் கிடைக்காது.

சீட்டோடு வாங்கும் நோயாளிக்கு விதி இடம் கொடுக்கிறது. மனோவியல் மருந்து (அல்பிரசோலம் போன்றவை) என்றால் சொந்த உபயோகத்துக்கு ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சை என்றால் 300 வரை. ஆனால் மருத்துவர் அதைக் குறிப்பாக எழுதித் தந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வெளியூர் போகிறவர்கள் சீட்டில் 'நீண்டகாலச் சிகிச்சை' என்ற சொல்லையும் மொத்த எண்ணிக்கையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையை வெட்டும்போது பேட்ச் நம்பர் உள்ள பக்கத்தைக் கடைசிவரை வைத்திருங்கள், பில்லையும் அதோடு சேர்த்து ஒரே கவரில் போடுங்கள்.