ஈரலுக்குச் சத்து, சரி. விஷமுறிவு என்பது ஓவர்

நான்கு கறவை மாடு வைத்திருக்கிறேன். தீவனத்தில் கலக்கும் வைட்டமின் ஈ, செலினியம் பவுடர் ஒரு டப்பா வாங்கி ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தேன். பெயர் வேண்டாம். மேலே பெரிய எழுத்தில் ‘பூஞ்சை நச்சை முறிக்கும்’ என்று போட்டிருந்தது, அதை நம்பித்தான் வாங்கினேன்.

எல்லாம் ஒரு மூட்டைக் கடலைப் புண்ணாக்கால் வந்தது. பாதி தீர்ந்த பிறகுதான் அடியில் கட்டி கட்டியாகக் கிடந்ததைக் கவனித்தேன். ஒன்றை உடைத்தால் உள்ளே மஞ்சள் கலந்த பச்சைப் பொடி, நனைந்து காய்ந்த சாக்கு வாடை. அதற்குள் செவலை தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்ப ஆரம்பித்திருந்தது. காலைப் பால் ஒன்பது லிட்டரிலிருந்து ஆறரைக்கு இறங்கிவிட்டது.

பவுடர் மாவு மாதிரி நைசு. அளவுக் கரண்டி அதற்குள் புதைந்து கிடக்கிறது, கையை விட்டுத் துழாவ வேண்டும். உலர்ந்த தீவனத்தில் தூவினால் அத்தனையும் தொட்டி அடியில் தங்கிவிடும். ஈரத் தவிட்டில் பிசறிக் கொடுங்கள்.

பத்து நாளில் செவலை தொட்டியை நக்கியது. ஆனால் பவுடர் தொடங்கிய அன்றே மிச்சப் புண்ணாக்கைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். எதனால் தேறியது என்று சத்தியம் பண்ண மாட்டேன். புண்ணாக்கை நிறுத்தியதால்தான் என்பது என் கணிப்பு.

இந்த மாதிரிப் பூஞ்சையில் பயப்பட வேண்டியது அஃப்லாடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்ததும் கடலைப் புண்ணாக்கில் இருந்த இதே நஞ்சால்தான். வேகவைத்தாலும் போகாது. ஈரலைத்தான் முதலில் பிடிக்கும். அங்கே நடக்கும் சேதத்தைக் கொஞ்சம் குறைக்க வைட்டமின் ஈயும் செலினியமும் உதவும், அவ்வளவுதான். நஞ்சை அவை அழிப்பதில்லை, அது எம்1 என்ற உருவில் பாலுக்கு வருவதையும் தடுப்பதில்லை. குடலிலேயே பிடித்துச் சாணத்தோடு தள்ள பென்டோனைட் களிமண் சேர்ந்த டாக்சின் பைண்டர் வேண்டும். அதுவும் எல்லாப் பூஞ்சை நச்சுக்கும் சரிப்படாது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறு விஷயத்தில். செலினியம் கொஞ்சம் கூடினாலும் அதுவே விஷம். நான் ஏற்கெனவே கொடுக்கும் தாது உப்புக் கலவையிலும் அது இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்லி டப்பாவில் ஒரு வரி இல்லை. கால்நடை மருத்துவர் சொல்லித்தான் அளவைக் குறைத்தேன்.

டப்பாவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. கால் டப்பா மிச்சம் இருக்கிறது. கருப்பி சினையாக இருக்கிறது. நஞ்சுக்கொடி தங்காமல் விழ இந்தச் சத்து உதவும் என்பதால், மருத்துவரிடம் அளவு கேட்டு அதற்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.