40 விநாடியா, ஒரு நிமிடத்துக்கு மேலா? ஐஸ் ஹாக்கியில் ஷிஃப்ட் நீளமும் களைப்பும்

கனடாவில் டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு சனிக்கிழமை காலை. என் மகனுக்கு அப்போது 10 வயது. அவன் ஆடிய உள்ளூர் லீகில் 2 நிமிடத்துக்கு ஒருமுறை பஸ்ஸர் அடிக்கும். அடித்ததும் ஐஸில் இருப்பவர்கள் வெளியே வர, அடுத்தவர்கள் இறங்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக நேரம் கிடைக்க வைத்த விதி. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், அந்த 2 நிமிடத்துக்குள் இரண்டு வேறு ஆட்டங்கள் நடப்பது தெரியும். முதல் 40, 45 விநாடி பிள்ளைகள் ஹாக்கி ஆடுவார்கள். முட்டி மடங்கியிருக்கும், ஸ்டிக் ஐஸைத் தொட்டபடி இருக்கும், பக் எனும் ரப்பர் வட்டு போகும் திசைக்குக் காலும் போகும். ஒரு நிமிடத்தை நெருங்கும்போது முதலில் முட்டி நிமிரும். பிறகு ஸ்டிக்கை ஒரு கையால் பிடிப்பார்கள். அப்புறம் கால் ஓய்ந்துவிடும். சும்மா சறுக்கிக்கொண்டே போய், பக் பக்கத்தில் வந்தால் மட்டும் ஸ்டிக்கை நீட்டுவார்கள்.

அன்று பக்கத்தில் நின்ற இன்னொரு தகப்பன், மதுரைக்காரர், சொன்னார்: "ரெண்டு நிமிஷமும் முழுசா நிக்கட்டும் அண்ணே. இவ்ளோ காசு கட்டியிருக்கோம்ல." அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பிள்ளை அதிக நேரம் ஐஸில் இருந்தால் அதிகம் ஆடுகிறான் என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, பெரிய லீக் ஆட்டங்களையும் பிள்ளைகள் ஆட்டங்களையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தேன். எண்ணம் மாறியது.

கணக்கில் இரண்டும் ஒன்றுதான்

முதலில் அடிப்படை. வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்ஹெச்எல்லில் ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஐஸில் கோல் காக்கும் கோலியைத் தவிர 5 பேர். அணியில் சீருடையோடு இருக்கும் ஸ்கேட்டர்கள் 18 பேர்: 12 ஃபார்வர்டு (தாக்குபவர்கள்), 6 டிஃபென்ஸ் (தற்காப்பவர்கள்). ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளை மாற்றலாம். ஒருவர் இறங்கியதிலிருந்து பெஞ்சுக்குத் திரும்பும் வரை உள்ள நேரம்தான் ஷிஃப்ட். இன்று அது சராசரியாக 45 விநாடியை ஒட்டி இருக்கிறது.

ஒரு நல்ல ஃபார்வர்டு 18 நிமிடம் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 45 விநாடி வீதம் என்றால் 24 முறை இறங்குகிறார். ஒரு நிமிடம் வீதம் என்றால் 18 முறை. 75 விநாடி என்றால் 14, 15 முறை. எப்படிப் பிரித்தாலும் கடிகாரக் கணக்கில் ஐஸில் 18 நிமிடம், பெஞ்சில் 42 நிமிடம். உழைப்புக்கும் ஓய்வுக்கும் உள்ள விகிதம் இம்மியும் மாறவில்லை. நீள ஷிஃப்ட் ஆடினால் ஓய்வும் நீளமாகத்தானே கிடைக்கிறது, பிறகு என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் கடிகாரத்தில் இல்லை, தொடைத் தசையில் இருக்கிறது.

தசைக்குள் உடனடிச் செலவுக்கென்று கிரியேட்டின் பாஸ்பேட் கொஞ்சம் இருப்பில் இருக்கும். முழு வேகத்தில் பாய்ந்தால் ஏறத்தாழ 10 விநாடியில் அதில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். அதன் பிறகு கிளைக்கோஜனை (தசையில் சேர்த்துவைத்த சர்க்கரை) அவசர வழியில் உடைத்துத்தான் வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். அந்த வழியில் சக்தி சீக்கிரம் கிடைக்கும், ஆனால் தசைக்குள் அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போகும். ஆக்சிஜனை நம்பிய நிதான வழியும் கூடவே வேலை செய்யும் என்றாலும், பாய்ச்சலுக்கு அது மட்டும் போதாது. ஸ்கேட்டிங்கில் இன்னொரு சங்கடம் உண்டு. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் தசை இறுகித் தளரும். ஸ்கேட்டிங்கில் தாழ்ந்து உட்கார்ந்த நிலையிலேயே உடலைத் தாங்க வேண்டியிருப்பதால் தொடை நீண்ட நேரம் இறுகியே இருக்கும், அதற்குள் ரத்தம் போய்வருவது தடைபடும். முட்டி நிமிர்வது சோம்பல் இல்லை. எரியும் தொடைக்கு உடம்பு தேடிக்கொள்ளும் நிவாரணம் அது. ஆனால் முட்டி நிமிர்ந்துவிட்டால் தள்ளும் வலு குறையும், வேகமும் போய்விடும்.

இனி ஓய்வுக்கு வருவோம். செலவான கிரியேட்டின் பாஸ்பேட் பெஞ்சில் உட்கார்ந்த முதல் நிமிடத்துக்குள்ளேயே பாதியளவு திரும்பிவிடும். மூன்று நிமிடத்துக்குள் பெரும்பகுதி வந்துவிடும். மூன்று மூன்று ஃபார்வர்டுகளாக நாலு லைன்கள் சுழலும் அணியில் ஒருவருக்கு அடுத்த முறை வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் விசில் ஊதிக் கடிகாரம் நிற்கும் நேரமும் சேரும். ஆக, 40 விநாடி ஆடியவர் கிட்டத்தட்ட புதிய ஆளாகவே இறங்குகிறார். 75 விநாடி ஆடியவர் நிலைமை வேறு. தசையில் அமிலத்தன்மை அதிகமாக இருந்தால் கிரியேட்டின் பாஸ்பேட் திரும்புவதே தாமதமாகும். அந்த அவசர வழியால் ரத்தத்தில் கூடிய லாக்டேட் பாதியாகக் குறையவே கால் மணி நேரம் போல ஆகும். இவர் ஓய்வெடுத்த நேரம் விகிதப்படி சரிதான், ஆனால் குழி அந்த அளவுக்கு மூடவில்லை. கடைசி 30 விநாடி கந்து வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி. அந்த ஷிஃப்டில் வாங்கியதை அடுத்த மூன்று ஷிஃப்டுகளில் கட்ட வேண்டியிருக்கும்.

அதனால்தான் நீள ஷிஃப்டின் கேடு முதல் பகுதியில் கண்ணில் படாது, மூன்றாம் பகுதியில் படும். கால் வராதபோது கை நீளும். எதிராளியின் இடுப்பிலோ கணுக்காலிலோ ஸ்டிக் மாட்டி 2 நிமிடத் தண்டனை கிடைக்கும், அதுவரை அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். சோர்ந்தவர்கள் வாங்கும் தண்டனைகள் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

ஒரு காலத்தில் நீளமே வழக்கம்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணிக்கு 7 பேர், ஆட்டம் முழுக்க அதே 7 பேர். பிறகு மாற்றாட்டக்காரர்கள் வந்தார்கள், லைன்கள் வந்தன. 1970-களில்கூட ஒன்றரை, இரண்டு நிமிட ஷிஃப்ட்கள் சாதாரணம். 1970-71-இல் 76 கோல் அடித்த ஃபில் எஸ்பசிட்டோ நீள ஷிஃப்டுக்குப் பேர் போனவர். கோலுக்கு முன்னால் இடம் பிடித்து நின்றுகொள்வார், பக் அவரைத் தேடி வரும். அந்தக் கால வேகத்துக்கு அது பொருந்தியது. எல்லாரும் 2 நிமிடம் ஆடினால் எல்லாரும் ஒரே மாதிரிதான் களைப்பார்கள். ஒரு தரப்பு மட்டும் குறைக்க ஆரம்பித்தால்தான் வித்தியாசம் வெளியே வரும்.

அது பளிச்சென்று தெரிந்த ஆட்டம் 1980 பிப்ரவரி 22, அமெரிக்காவின் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக். அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள், எதிரே சோவியத் அணி. இரண்டே வாரம் முன்பு நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் சோவியத் 10-3 என்று இவர்களை நசுக்கியிருந்தது. கோச் ஹெர்ப் புரூக்ஸ் பல மாதங்கள் பையன்களை ஓட ஓட விரட்டிப் பழக்கியிருந்தார். அன்று ஷிஃப்டுகளைச் சிறிதாகவே வைத்து ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார். கோலை நோக்கிய அடிகளில் சோவியத் 39, அமெரிக்கா 16. ஆனாலும் மூன்றாம் பகுதியில் அமெரிக்கா 2 கோல் போட்டது, சோவியத்துக்கு ஒன்றும் இல்லை. 4-3. கோலி ஜிம் கிரெய்க் 36 அடிகளைத் தடுத்தார் என்பதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ஷிஃப்ட் கணக்கில் எழுதுவது தவறு. என்றாலும் கடைசி 10 நிமிடம், முன்னிலையைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில், அந்தப் பையன்களின் கால் நிற்கவில்லை.

நீள ஷிஃப்ட் செல்லுபடியாகும் இடங்கள்

பவர் பிளேயில் நீளம் தப்பில்லை. தண்டனையால் எதிரணியில் ஒருவர் குறைவு, பக் நம்மிடம், ஓட வேண்டியது அவர்கள். வாஷிங்டன் ஃபார்வர்டு அலெக்ஸ் ஒவெச்கின் 2 நிமிடமும் கிட்டத்தட்ட முழுசாக ஐஸில் இருப்பார். இடது வட்டத்தில் நின்று பாஸுக்குக் காத்திருப்பார், வந்தால் ஒரே அடி. 2025 ஏப்ரலில் வேய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் என்ற என்ஹெச்எல் சாதனையைத் தாண்டினார். பவர் பிளே கோல்களிலும் முதலிடம் அவருக்குத்தான். அந்த 2 நிமிடத்தில் அவர் பாய்வது கொஞ்சம், நிற்பது நிறைய. 'ஷிஃப்ட் நீளம்' என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டிஃபென்ஸும் அப்படியே. மினசோட்டாவின் ரயன் சூட்டர் 2013-14-இல் ஆட்டத்துக்குச் சராசரி 29 நிமிடத்துக்கு மேல் ஆடினார். அவர் ஆட்டத்தில் பாய்ச்சலே தெரியாது. பக் எங்கே வருமோ அங்கே முன்கூட்டியே நின்றிருப்பார். இன்னும் பெரிய எண் வேண்டுமென்றால் 2020 ஆகஸ்ட் 11, டொராண்டோவில் ரசிகர்கள் இல்லாத அரங்கில் நடந்த டாம்பா பே - கொலம்பஸ் ஆட்டம். ஐந்தாவது கூடுதல் பகுதியில்தான் பிரேடன் பாயிண்ட் அடித்த கோலில் முடிந்தது. கொலம்பஸ் டிஃபென்ஸ் வீரர் சேத் ஜோன்ஸ் ஐஸில் இருந்தது 65 நிமிடம் 6 விநாடி, ஐஸ் நேரம் அதிகாரபூர்வமாகப் பதிவாகும் காலத்தில் இது சாதனை. ஆட்டம் ஓடியது 150 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். வகுத்துப் பார்த்தால் 43 சதவீதம். 60 நிமிட ஆட்டத்தில் 25 நிமிடம் ஆடும் முன்னணி டிஃபென்ஸ் வீரருக்கும் ஏறத்தாழ இதே விகிதம்தான். விகிதம் காக்கப்பட்டால் மனித உடம்பு எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

குட்டை ஷிஃப்டுக்கும் விலை உண்டு

ஒவ்வொரு மாற்றமும் ஒரு ஆபத்து. வெளியே வருபவர் வருவதற்கும் உள்ளே போகிறவர் போவதற்கும் நடுவில் ஓரிரு விநாடி அணி குலைந்திருக்கும். ஒருவர் அவசரப்பட்டால் ஆள் கூடிப்போய் 2 நிமிடத் தண்டனை. 1979 என்ஹெச்எல் அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தை பாஸ்டன் ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. 4-3 என்று முன்னிலை, முடிய 3 நிமிடம்கூட இல்லை. ஆள் மாற்றத்தில் குழம்பி ஐஸில் ஒருவர் கூடிவிட்டார். மான்ட்ரியலின் கீ லஃப்லூர் பவர் பிளேயில் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் பாஸ்டன் தோற்றது.

இரண்டாம் பகுதியில் இந்த விலை இன்னும் ஏறும். அணிகள் பக்கம் மாறுவதால், தற்காக்கும் முனையிலிருந்து சொந்த பெஞ்ச் தூரமாகிவிடும். தன் பக்கத்தில் மாட்டிக்கொண்ட ஐந்து பேருக்கு வெளியேற வழியே இருக்காது. முதல் பகுதியைவிட இரண்டாம் பகுதியில் கோல் அதிகம் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முன்பெல்லாம் மூச்சு முட்டினால் பக்கைத் தூர அடித்து ஐசிங் (தன் பாதியிலிருந்து எதிர்முனைக் கோல் கோட்டைத் தாண்டும்படி அடிக்கும் தவறு) வாங்கி, விசில் ஊதியதும் ஆளை மாற்றுவார்கள். 2005-06 பருவத்தில் அந்த வழியை அடைத்தார்கள். ஐசிங் செய்த அணி அதே களைத்த ஐந்து பேரோடு தன் கோலுக்குப் பக்கத்திலேயே மறுபடி தொடங்க வேண்டும். 2017-18 முதல் அந்த நேரத்தில் டைம்-அவுட்டும் கேட்க முடியாது. 60 விநாடி ஆடியவருக்கு இந்த விதி எமன். 40-இல் இருப்பவர் சமாளித்துவிடுவார்.

2015-16-இல் வந்த மூவர்-மூவர் கூடுதல் நேரத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். பக் வைத்திருக்கும் அணி பின்னால் வந்து ஒவ்வொருவராக மாற்றிக்கொள்ளும், எதிரே அதே மூன்று பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். கோல் எப்போது விழும் என்பதை அவர்களுடைய முட்டியைப் பார்த்தே சொல்லலாம்.

என் தீர்ப்பு இதுதான். ஃபார்வர்டுக்கு 40 முதல் 45, டிஃபென்ஸுக்கு 50 வரை போகலாம், பவர் பிளேக்கு விலக்கு. ஆனால் 45 என்பதை அலாரம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. 30-ஐத் தாண்டியதும் வாய்ப்பைத் தேட ஆரம்பிக்க வேண்டும். பக் எதிரியின் ஆழத்தில் இருக்கும்போது 35-லேயே வந்துவிடலாம். நம் பக்கம் பக் இருக்கும்போது 50 ஆனாலும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் லீகில் 2 நிமிட பஸ்ஸரை அவசியம் குறைக்க வேண்டும். சமநேரம் கொடுக்கத்தான் வேண்டும், அதை ஒன்றரை நிமிடமாகவோ ஒரு நிமிடமாகவோ பிரித்தும் கொடுக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு இது பெரிதில்லை. 9, 10 வயதில் பாய ஆரம்பித்துவிட்ட பிள்ளைகள் களைத்த கால்களோடு பாதி ஷிஃப்டைக் கழித்தால், தப்பான ஸ்கேட்டிங்கே பழகிவிடுகிறது.

மகன் இப்போது பஸ்ஸர் இல்லாத அணியில் ஆடுகிறான். ஆரம்பத்தில் வெளியே வரவே மனசில்லாமல் இழுத்தடிப்பான். "அப்பா, இன்னும் மூச்சு வாங்கலப்பா" என்பான். போன மாதம் மூன்றாம் பகுதியில், எதிரணிப் பையன் ஒருவன் தனியாகப் பக்கோடு ஓட, இவன் நடுக்கோட்டிலிருந்து துரத்திப் பிடித்தான். முட்டி மடங்கியே இருந்தது. ஸ்டிக்கைக் காலில் மாட்டாமல் பக்கை மட்டும் தட்டிவிட்டு, நேரே பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான். மதுரைக்கார நண்பர் என் கைபேசியை எட்டிப் பார்த்தார். "38 விநாடி அண்ணே" என்றார்.