ஆறாயிரம் ரூபாய் விருப்பப் பட்டியல்: ஒரு கலந்தாய்வு வழிகாட்டி மையத்தைப் பற்றி

பிளஸ் டூ முடிவுகள் வெளிவரும் வாரத்தில் மதுரையின் சுவர்களிலும் ஆட்டோக்களின் முதுகிலும் ‘அண்ணா பல்கலையில் இடம் உறுதி’ என்ற வாசகம் முளைத்துவிடுகிறது. அப்படி விளம்பரம் செய்திருந்த ஒரு தனியார் வழிகாட்டி மையத்தில் கடந்த ஆண்டு என் மகளுக்காக ஆறாயிரம் ரூபாய் கட்டினோம். பொறியியல் கலந்தாய்வுக்கு அரசு வாங்கும் பதிவுக் கட்டணமே ஐந்நூறு ரூபாய்தான்; பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு அதிலும் பாதி. மையத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். இதே சேவையை வேறு பலரும் விற்பதால், இந்த ஆண்டு பணம் கட்ட யோசிப்பவர்களுக்குச் சரக்கின் தரத்தைச் சொல்வதே பயன்படும்.

முதலில், எதை விற்க முடியாது என்பதைப் பார்த்துவிடலாம். நுழைவுத் தேர்வு 2007-இல் நீக்கப்பட்ட பிறகு, சேர்க்கை முழுவதும் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடக்கிறது. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் தலா ஐம்பதுக்கு எனக் கணக்கிட்டு, தரவரிசையை முடிவு செய்யும் கட் ஆஃப் இருநூற்றுக்கு வருகிறது. கணிதத்தில் 97, இயற்பியலில் 96, வேதியியலில் 95 பெற்ற என் மகளுக்கு 192.5 வந்தது. ஒரே கட் ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணும், அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணும் பார்க்கப்பட்டு, எதிலும் தீராதபோது கடைசியில் கணினி குலுக்கிக் கொடுக்கும் ரேண்டம் எண் முடிவு செய்கிறது. தரவரிசைப் பட்டியல் இறுதியான பின், எந்த ஆலோசகராலும் ஒருவரை ஓர் இடம்கூட முன்னே நகர்த்த முடியாது. ஆகவே வாய்ப்பைக் கூட்டும் வேலை இரண்டு கட்டங்களில்தான் இருக்கிறது: தரவரிசைக்கு முன் மதிப்பெண்ணும் சான்றிதழ்களும், அதன் பின், சேர விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாக எழுதிக்கொடுக்கும் விருப்பப் பட்டியல்.

சான்றிதழ் விஷயத்தில் மையம் நன்றாகவே வேலை செய்தது. சாதிச் சான்றிதழிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் தலைப்பெழுத்து வேறுபட்டிருந்ததை அங்கிருந்த இளம்பெண் ஒருவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். ஆனால் பக்கத்து மேசையில், அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த பையனின் தந்தையிடம், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம் என்று இன்னோர் ஊழியர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. உதவி பெறும் பள்ளி அதில் சேராது. மாவட்டந்தோறும் உள்ள அரசின் சேவை மையங்களில் இந்த ஐயங்களை இலவசமாகவே கேட்டுத் தெளிவு பெறலாம்.

மதிப்பெண் விஷயத்தில் மையம் வாயே திறக்கவில்லை. முடிவுகள் வந்ததும் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, தேவைப்பட்டால் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட் ஆஃப் முழுதாக ஒன்று கூடும். மற்ற இரண்டில் அரைதான் கூடும். தொண்ணூறுகளின் மேல்பகுதியில் மாணவர்கள் நெருக்கியடித்து நிற்பதால், அந்த அரை மதிப்பெண்ணே ஏராளமானோரைத் தாண்ட வைக்கும். இதற்கான அவகாசம் சில நாள்களே என்பதால், ‘வாய்ப்பைக் கூட்டுகிறோம்’ என்பவர்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

மையத்தின் முதன்மைச் சரக்கு விருப்பப் பட்டியல். ஒரு வாரம் கழித்து, நேர்த்தியாக அச்சிட்டுச் சுருள் கம்பியில் கோத்த ஒரு புத்தகம் கைக்கு வந்தது. கல்லூரிக் குறியீடு, பாடப்பிரிவு, எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கான முந்தைய ஆண்டுகளின் கடைசிக் கட் ஆஃப் என மூன்று பத்திகள் இருந்தன. அந்த எண்களைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணையதளத்திலிருந்து எவரும் எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் வரிசையில் இருந்தது. என் மகள் விரும்பியது அண்ணா பல்கலையின் கிண்டி வளாகத்தில் மின்னியல், அடுத்து அதன் குரோம்பேட்டை வளாகமான எம்.ஐ.டி.யில் மின்னணுவியல், அதற்கும் அடுத்தே கிண்டியில் இயந்திரவியலும் கட்டடவியலும். புத்தகத்திலோ இவற்றில் பெரும்பாலானவற்றைக் காணவில்லை. ‘உறுதியாகக் கிடைக்கும்’ என்ற பெயரில் தனியார் கல்லூரிகளின் கணினிப் பிரிவுகள் முதல் பக்கத்தை நிறைத்திருந்தன. காரணம் கேட்டபோது, கிடைக்காததை மேலே போட்டால் சுற்று வீணாகிவிடும் என்றார் மேலாளர்.

இது தவறான அறிவுரை என்பதை அழுத்தியே சொல்ல வேண்டும். ஒதுக்கீடு நடக்கும் முறையில், தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் முறை வரும்போதும், அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் இருக்கும் முதல் விருப்பத்தைக் கணினி கொடுத்துவிடுகிறது. முதல் பத்து விருப்பங்களில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும், பதினொன்றாவது விருப்பத்துக்கு உள்ள வாய்ப்பு ஒரு துளியும் குறைவதில்லை. ஆனால் எளிதாகக் கிடைப்பதை மேலே வைத்துவிட்டால், அதற்குக் கீழே இருப்பதைக் கணினி திரும்பிக்கூடப் பார்க்காது. விருப்பங்களின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு இல்லை. எனவே கட் ஆஃபைப் பார்த்து எதையும் வெட்டாமல், மனத்தில் உள்ள வரிசையிலேயே நீளமாக எழுதுவதுதான் சரியான முறை.

இந்த வரிசை இரண்டாவது முறையும் முக்கியமாகிறது. தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் அதை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பத்தில் எவரேனும் இடத்தை விட்டால் நமக்குத் தரும்படி காத்திருக்கும் ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’ வாய்ப்பு இருக்கிறது. கிடைத்த இடத்துக்கு மேலே நாம் எழுதியவற்றுக்கு மட்டுமே இது செல்லும். மையத்தின் பட்டியலை அப்படியே ஏற்றியிருந்தால், முதல் பக்கத்திலேயே இடம் கிடைத்து, மேலே காத்திருக்க உருப்படியாக எதுவுமே இருந்திருக்காது. மகளே உட்கார்ந்து வரிசையை மாற்றி எழுதினாள். கிண்டியில் கட்டடவியல் ஒதுக்கீடானது. மேல்நோக்கி நகரவில்லை என்பது வேறு விஷயம்.

பாடப்பிரிவுகளைப் பற்றிய ஆலோசனை மிகவும் மெலிந்தது. கிண்டி வளாகமே குறிக்கோள் என்றால் புவித்தகவலியல், சுரங்கவியல், அச்சுத் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளையும், அதே பல்கலையின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியான ஏ.சி. டெக்கில் தோல், பீங்கான், ஜவுளித் தொழில்நுட்பங்களையும் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியிருக்க வேண்டும். தோல் தொழில்நுட்பம் பக்கத்திலேயே உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்து நடத்தப்படுவது என்பதைக்கூட அவர்கள் அறிந்திருக்கவில்லை. தமிழ் வழிக் கட்டடவியலும் இயந்திரவியலும் தனிக் குறியீட்டில் இருப்பதையும் நாங்களே தேடித் தெரிந்துகொண்டோம்.

சான்றிதழ்களைச் சரிபார்க்க ஆளும் நேரமும் இல்லாத குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் வரை இந்தச் சேவை தகும், ஆறாயிரத்துக்குத் தகாது. ‘இடம் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்’ என்ற உறுதிமொழியை நம்புவோர், ரசீதின் பின்புறத்தையும் படிக்க வேண்டும். அங்கே ‘அண்ணா பல்கலை’ என்பதற்கு, அதன் இணைப்புக் கல்லூரிகளில் ஏதேனும் ஒன்று என்று பொடி எழுத்தில் பொருள் சொல்லியிருக்கிறது. கலந்தாய்வுப் பட்டியலில் கல்லூரிக் குறியீடு 1 கிண்டி, 2 ஏ.சி. டெக், 4 எம்.ஐ.டி.; விளம்பரத்தைப் பார்த்து வருபவர்கள் மனத்தில் நினைப்பது இந்த வளாகங்களைத்தான். இணைப்புக் கல்லூரிகளோ நானூறுக்கும் மேல். அவற்றில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகவே கிடப்பதால், அந்த உறுதிமொழிப்படி பணம் திரும்பப் பெறும் நிலை எந்த மாணவருக்கும் வரப்போவதில்லை.