மக்கர் செய்தபோது கற்றது: டேப் டெக்கும் வி.சி.ஆரும்

ஒலியைப் பதிய ஒரு கேசட் டெக், படத்தைப் பதிய ஒரு வி.சி.ஆர். இரண்டும் இருபது வருடங்களுக்கு மேலாக என்னிடம் உழைக்கின்றன. அவை எப்படிப் பதிவு செய்கின்றன என்று நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மக்கர் செய்தபோதுதான் தெரிந்தது.

டெக்கில் முதலில் 'ச', 'ஸ' ஒலிகள் மழுங்கின. டேப் பழசு என்று அதன் மேல் பழியைப் போட்டேன். திறந்து பார்த்தால் ஹெட்டில், அதாவது டேப்பைத் தொட்டுப் பதியவும் படிக்கவும் செய்யும் பாகத்தில், பழுப்புப் பொடி அப்பியிருந்தது. டேப்பின் மேல் பூசிய இரும்பு ஆக்சைடு அது. அந்தத் துகள்களில்தான் ஒலியின் ஏற்ற இறக்கம் காந்தமாகத் தங்குகிறது. டேப் நகர்வதோ நொடிக்கு 4.76 செ.மீ. தான். நொடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலி என்றால், ஓர் அதிர்வுக்குக் கிடைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்குகூட இல்லை. நடுவில் துளி அழுக்கு வந்தாலே போச்சு. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன், 'ஸ' திரும்பி வந்தது.

வி.சி.ஆர். வேறு ரகம். படத்துக்கு நொடிக்கு 30 லட்சம் அதிர்வுகள் வரை பதிய வேண்டும். அதற்கேற்ற வேகத்தில் டேப்பை ஓட்டினால் ஒரு கேசட் சில நிமிடம்கூடத் தாங்காது. அதனால் என் வி.சி.ஆர். பயன்படுத்தும் வி.எச்.எஸ். முறையில் டேப்பை மெதுவாக விட்டுவிட்டு ஹெட்டைச் சுற்ற விட்டார்கள். ஹெட்டைப் பொருத்திய 62 மி.மீ. உருளை, பி.ஏ.எல். என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 சுற்று. டேப்பின் மேல் ஹெட் ஏறக்குறைய நொடிக்கு 4.8 மீட்டர் வேகத்தில், சாய்ந்த கோடுகளாகப் படத்தை இழுத்துக்கொண்டே போகிறது. அந்தக் கோட்டை விட்டு ஹெட் விலகினால்தான் திரையில் புள்ளி புள்ளியாகப் பட்டை ஓடும். ஹெட்டைக் கோட்டுக்கு நேராக்கும் டிராக்கிங் குமிழைத் திருகித் திருகி என் விரல் தேய்ந்ததெல்லாம் இதற்காகத்தானா!

ஒருமுறை ஒரு கேசட்டை இயந்திரம் கடித்துவிட்டது. டேப்பின் மேல் ஓரம் மட்டும் கசங்கியது. படம் பளிச்சென்று வந்தது, பேச்சு மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. என்னுடையது, ஒலியையும் சுற்றும் ஹெட்டாலேயே பதியும் ஹை-ஃபை மாடல் இல்லை. ஒலி அந்த ஓரத்தில் தனியாக, சுற்றாத ஹெட்டால் பதிகிறது. அங்கே வேகம் நொடிக்கு 2.34 செ.மீ., கேசட் டெக்கில் பாதி. வி.சி.ஆரில் பாட்டு ஏன் எப்போதும் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது என்பதும் அன்றுதான் விளங்கியது.

டெக்கில் இன்றும் புதிதாகப் பதிவு செய்கிறேன். வி.சி.ஆரில் செய்வதில்லை. இருக்கிற படங்களைக் கணினிக்கு மாற்ற மட்டும் அது வேண்டும். இன்னும் பதினொரு கேசட் பாக்கி, உருளையிலோ லேசாகக் கிரீச் சத்தம் வர ஆரம்பித்திருக்கிறது.